சுவார்ட்ஸ் ஐயரின் கணக்கு

தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி, சின்னக் கோட்டைக்குள் இருக்கிறது சுவார்ட்ஸ் சர்ச். 1779இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே கட்டியது (ஐயர் என்றால் இங்கே பாதிரியார்). உள்ளே ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம். கிழவரான ஐயர் கட்டிலில் கிடக்கிறார், தலைப்பாகை அணிந்த இளவரசர் அவர் கையைப் பிடித்திருக்கிறார், பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். செதுக்கியவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். காசு கொடுத்தவர் இரண்டாம் சரபோஜி, அதாவது சிற்பத்தில் இருக்கும் அந்த இளவரசரேதான். அவர் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை.

சென்னைக் கோட்டை செயின்ட் மேரி ஆலயத்தில் ஐயருக்கு இன்னொரு கல் இருக்கிறது. அது கிழக்கிந்தியக் கும்பெனி வைத்தது. ஒரு மிஷனரிக்குக் கும்பெனி கல் வைக்கிறது என்றால் சும்மா வைக்குமா?

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிற்பத்தைக் காட்டி விளக்குவது இப்போது என் பொறுப்பு. வருகிற வழியெங்கும் நற்செய்திப் பெருவிழா பேனர்கள். இயேசுவின் பெயர் ஓரத்தில், பிரசங்கியாரின் முகம் நடுவில், கோட்டு சூட்டோடு. அதைப் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைகள், "இவரும் அவங்கள மாதிரி ஃபேமஸா சார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பிரசங்கங்களில் வழக்கமாகச் சொல்வது மைசூரை ஆண்ட ஹைதர் அலி கதை. 1779இல் சென்னை அரசு சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய்ப் பை கொடுத்தார். ஐயர் அதை அப்படியே சென்னையில் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று திருப்பிக் கொடுத்ததும், தஞ்சையில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு வைத்துவிட்டார். கதை உண்மை. ஆனால் அதிலிருந்து "அவர் காசைக் கையால் தொடாத துறவி" என்று பிரசங்கம் முடிகிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. காசு அவர் கை வழியாக ஓடிக்கொண்டே இருந்தது. திருச்சி பட்டாளத்துக்குப் போதகராக இருந்ததற்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம். அதில் பாதி சபைக்குப் போனது. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி அங்கி, சோறு, காய்கறி, ஒரு கட்டில் போடும் அளவுக்கு அறை. அவ்வளவுதான் அவர் செலவு. மிச்சம் சேர்ந்தது. சேர்ந்ததை அவர் ஒளிக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கடுத்த நிகழ்ச்சி. 1780இல் ஹைதர் தமிழ்நாட்டுப் பகுதிக்குள் படையோடு புகுந்தார். தஞ்சைக் கோட்டைக்குள் ஜனம் வந்து நெருக்கியது. பசியால் தெருவில் விழுந்து செத்தார்கள். நாட்டுப்புறத்தில் தானியம் இல்லாமல் இல்லை, கொண்டுவர மாடுதான் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர் யாரும் வரத் தயாராக இல்லை. ஏனென்றால் முன்பு தானியம் கொண்டுவந்தபோது, துபாஷித் தரகர்கள் சேர வேண்டிய கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். தஞ்சை ராஜா துளஜாவின் சொல்லை நம்ப ஆளில்லை, கும்பெனிச் சொல்லையும் நம்ப ஆளில்லை. கடைசியில் ராஜாவே, பாதிரியாரை நம்புவார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்றார்.

ஐயர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். உன் கூலியை என் கையால் கொடுப்பேன் என்பதுதான் செய்தி. ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. ஓர் உபதேசியாரும் சபை ஆட்களும் தானியம் கொண்டுவர நாட்டுப்புறம் போனார்கள். கொஞ்ச நாளில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் இறங்கியது. டெல்டாக்காரருக்குக் கலக் கணக்கைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எல்லாம் முடிந்ததும் ஒருவர் விடாமல் கூலி கொடுத்து, மேலே சிறு வெகுமதியும் கொடுத்து அனுப்பினார். கையிருப்பு போதாமல், பிறர் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இன்றைய தணிக்கையாளர் அந்த வரியில் சிவப்பு மை வைப்பார். வைக்கட்டும், எழுதி வைத்ததால்தானே அவருக்கும் தெரிகிறது.

சில ஆண்டுகள் கழித்து, வரிக் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடிகளைத் திரும்ப அழைக்கவும் இவர் சொல்தான் வேண்டியிருந்தது. முதலில் கள்ளர் குலத்தார் வந்தார்கள். பிறகு ஒரே நாளில் 7,000 பேர். ஜூனில் தொடங்கியிருக்க வேண்டிய உழவைச் செப்டம்பரில் தொடங்கி, இரவு பகலாக வேலை செய்தார்கள்.

இதையெல்லாம் அவர் தாமாகப் பறைசாற்றவில்லை. 1793இல் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து, மிஷன் சபையார் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று பேசிவிட்டார். அதற்கு மறுப்பாக 1794 பிப்ரவரியில் ஐயர் லண்டனில் இருந்த மிஷன் சங்கத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தானியமும் மாடும் 7,000 குடிகளும் அதில்தான் வருகின்றன. உபதேசியார்கள் நாணயமானவர்கள் என்று நிரூபிக்கத்தான் கணக்கை எடுத்து வைக்கிறார்.

அவரைக் குறையில்லாதவராக ஆக்கவும் எனக்கு மனமில்லை. கும்பெனிக்குத் தூது போனார், அது அவரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 1787இல் துளஜா சாகும்போது சிறுவன் சரபோஜிக்குக் காப்பாளராக இருக்கச் சொன்னதற்கு மறுத்து, ராஜாவின் தம்பி அமர்சிங்கைக் காட்டினார். அமர்சிங் பிள்ளையைப் படுத்திய பாட்டில், பிறகு அவனைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதிகாரம் வேண்டாம் என்று ஒதுங்குவதாலும் பிறருக்குத் துன்பம் வரும். சரபோஜி 1798இல் பட்டமேறினார். அடுத்த ஆண்டே ஆட்சி கும்பெனி கைக்குப் போய்விட்டது.

ஆகவே பிள்ளைகளிடம் நான் சொல்வது இது: ஃபேமஸ்தான், இரண்டு ஊரில் கல் இருக்கிறது. ஆனால் கல் வைத்தவர்களை விடுங்கள், மாட்டை ஓட்டி வந்தவர்களைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் அவருடைய சபையாரே அல்ல. அவர் பிரசங்கத்தை நம்பி வரவில்லை, கூலி கைக்கு வரும் என்று நம்பி வந்தார்கள். பின்பற்ற ஓர் ஆளைத் தேடும் கிறிஸ்தவன் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த மாட்டுக்காரரைத்தான் என்பது என் கட்சி. பேனர் வைக்கும் குழுவில் இதைச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை.

1798 பிப்ரவரி 13இல் ஐயர் இறந்தார். மணம் செய்துகொள்ளாதவர். சேர்ந்திருந்த பணம் கணிசமானதுதான். அதை மிஷனுக்கு எழுதி வைத்திருந்தார். தஞ்சையிலும், அவர் தம் உதவியாளர் சத்தியநாதனை அனுப்பிய பாளையங்கோட்டையிலும், ஐரோப்பாவிலிருந்து வரும் பணம் தட்டுப்பாடான ஆண்டுகளில் உபதேசியார்களின் மாதச் சம்பளத்துக்கு அந்தப் பணமும் உதவியது.