வன்தட்டுப் பிரிவினையும் தமிழ் நிறுவல் திரையும்: சென்னைத் தென்புறநகர்க் கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் ஒரு கூறு

ஆய்வுச்சுருக்கம்

கணினியில் இயங்குதளத்தை நிறுவுவோர் முதலில் செய்யவேண்டிய பணி, வன்தட்டைப் பிரிவுகளாக வகுத்தலாகும். தவறாகச் செய்தால் தட்டில் உள்ள தரவுகள் அழியக்கூடிய பணியும் இதுவே. குரோம்பேட்டை, தரமணி, தாம்பரம் ஆகிய இடங்களில் வளர்ந்த கட்டற்ற மென்பொருள் முயற்சிகளின் பின்னணியில் இப்பணியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வன்தட்டில் இடம் பெறுதல், தொடக்கப் பட்டியலில் இடம் பெறுதல், பயனரின் மொழியில் கேள்வி கேட்டல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதும், இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயனற்றுப்போகும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வன்தட்டு, பிரிவு அட்டவணை, பாஸ் லினக்ஸ், இரட்டைத் தொடக்கம், தமிழ் இடைமுகம், தாம்பரம்.

முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு பெரும்பாலும் எழுத்துருக்கள், விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடும், 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். ஆயினும் எழுத்து திரையில் தோன்றுவதற்கு முன்னரே கணினிக்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. எந்த இயங்குதளம் தொடங்கவேண்டும், அதற்குத் தட்டில் எவ்வளவு இடம் என்பதே அம்முடிவு. அது ஆய்வாளர் கவனத்தை அதிகம் பெறவில்லை.

பிரிவு அட்டவணையின் தோற்றம்

1983 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில், ஒரே தட்டை வெவ்வேறு இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்யும் அட்டவணை அமைந்தது. தட்டின் முதல் 512 பைட்டுகளே அதன் இருப்பிடம். அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. ஒரு பிரிவைக் குறிக்க 16 பைட்டுகள் என்பதால் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு.

இந்த நான்கு என்னும் எல்லை பின்னாளில் பெரிய தடையாயிற்று. அதைக் கடக்க, ஒரு முதன்மைப் பிரிவை விரிவுப் பிரிவாக்கி அதனுள் தருக்கப் பிரிவுகளை அமைக்கும் முறை 1980களின் பிற்பகுதியில் பரவியது. லினக்ஸ் தருக்கப் பிரிவுகளை ஐந்தாம் எண்ணிலிருந்து எண்ணுவதற்குக் காரணம் இதுவே. முதல் நான்கு எண்கள் முதன்மைப் பிரிவுகளுக்கு உரியவை.

தட்டின் தொடக்கத்தில் சிறியதொரு தொடக்கப் பிரிவை அமைக்கும் பழைய லினக்ஸ் வழக்கமும் இவ்வாறு வன்பொருளின் எல்லையிலிருந்து பிறந்ததே. பழைய பயாஸ் முறையினால் 1024 உருளைகளுக்கு அப்பால் படிக்க இயலாது. அதன் உச்ச எல்லை ஏறத்தாழ 8.4 கிகாபைட். லினக்ஸ் கருவகம் அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தால் லைலோ என்னும் பழைய தொடக்க ஏற்றியால் அதை எட்ட முடியாது. தடை நீங்கிய பின்னரும் வழக்கம் நின்றது.

குரோம்பேட்டையும் தரமணியும்

1949 இல் சி. இராஜம் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி குரோம்பேட்டையில் உள்ளது. 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். அவ்வளாகத்தில் இயங்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும், தரமணியில் இயங்கிய சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் இணைந்து, 2005 இல் நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. பொறியியல் பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருளை விருப்பப் பாடமாகச் சேர்த்தது அம்மையத்தின் பணிகளுள் ஒன்று. மற்றொன்று டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ். அதன் முதற்பதிப்பு 2007 ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க இயங்குதளத்தை வழங்குவது அதன் நோக்கம்.

அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0 பதிப்பு இவ்வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியது. அதற்கு முன்னர் டெபியன் நிறுவல் நிரல் உரைத்திரையில் மட்டுமே இயங்கியது. உயிர்மெய்க் குறிகள் எழுத்தின் முன்னும் பின்னும் சேர்ந்து உருமாறும் தமிழை அத்திரையால் காட்ட இயலாது. 4.0 பதிப்பு வரைகலை நிறுவல் திரையை அறிமுகப்படுத்தியதால், மொழிபெயர்ப்பு கைவசம் இருந்தும் காட்டப்பட முடியாதிருந்த தமிழ் போன்ற மொழிகளுக்கு வழி பிறந்தது. தட்டின் தரவுகளை அழிக்கலாமா என்னும் கேள்வியைப் பயனர் தமிழிலேயே படித்து விடையளிக்கும் நிலை இதனால் உருவாயிற்று. மீளப்பெற முடியாத ஒரு செயலுக்கு இசைவு கேட்கும் கேள்வி அது. புரியாத மொழியில் கேட்கப்படும் இசைவு பெயரளவிலான இசைவே.

மடிக்கணினித் திட்டமும் 446 பைட்டுகளும்

2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்க்கு வழங்கப்பட்டன. ஒரே தட்டில் இரு இயங்குதளங்கள் அமைந்தன. கொள்கையளவில் இது சமபங்கு.

நடைமுறையில் அச்சமபங்கு நிலையற்றது. அக்கால விண்டோஸ் 7 தனக்கென 100 மெகாபைட் அளவிலான காப்புப் பிரிவொன்றையும் முதன்மைப் பிரிவொன்றையும் உருவாக்கும். உற்பத்தியாளரின் மீட்புப் பிரிவும் சேர்ந்தால் நான்கில் மூன்று இடங்கள் நிரம்பிவிடும். எஞ்சிய ஒன்றை விரிவுப் பிரிவாக்கி, அதனுள் லினக்ஸின் மூலப் பிரிவையும் மாற்றிடப் பிரிவையும் அமைக்கவேண்டும். மேலும், விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது முதல் 446 பைட்டுகளில் தன் நிரலை எழுதிக்கொள்ளும். அங்கிருந்த கிரப் என்னும் தொடக்க ஏற்றியின் நுழைவாயில் மறைந்துவிடும். லினக்ஸ் பிரிவு தட்டிலேயே இருக்கும். அதன் கோப்புகளும் அழியாமல் இருக்கும். ஆனால் தொடக்கப் பட்டியல் தோன்றாது. லினக்ஸின் கோப்பு முறைமையை விண்டோஸ் இயல்பாகப் படிப்பதில்லை என்பதால், பயனரின் கண்ணுக்கு அது இல்லாததாகவே ஆகிவிடும்.

ஓர் அரசுத் திட்டம் அளித்த உரிமை அரைக் கிலோபைட்டுக்கும் குறைவான இடத்தைச் சார்ந்திருந்தது என்பதே இதன் பொருள். விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுக என்னும் பயிற்சியாளர்களின் அறிவுரையும், நிறுவல் வட்டைக்கொண்டு கிரப் நிரலை மீட்கும் செயல்முறையும் இச்சார்பிலிருந்தே தோன்றின.

தாம்பரத்தின் பங்கு

இச்செயல்முறையை அறிந்தவர்கள் அதைப் பிறருக்குக் கற்பிக்கும் இடங்களாகப் பயனர் குழுக்கள் அமைந்தன. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து இயங்கிவருகிறது. தாம்பரம் வட்டாரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு செயல்பட்டது. 2019 இல் செங்கல்பட்டு மாவட்டம் உருவாகும்வரை தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது என்பது இப்பெயரை நோக்குவோர் கருதத்தக்கது. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் குறித்த செய்திகளையும் செயல்முறைகளையும் தமிழில் எழுதும் களமாயிற்று. திரையில் தமிழ் வந்தது ஒருபுறமிருக்க, திரைக்கு வெளியே விளக்கமும் தமிழில் வந்தது இங்குக் குறிக்கத்தக்கது.

கலைச்சொல் நிலையிலும் இது சிந்தனைக்குரியது. 'பகிர்வு' என்னும் சொல் கோப்பைப் பிறரோடு பகிர்வதையும் தட்டை வகுப்பதையும் ஒருங்கே குறிக்க நேர்கிறது. முன்னதில் எதுவும் அழிவதில்லை, பின்னதில் அழியக்கூடும். 'பிரிவினை' என்னும் சொல்லோ பாகப்பிரிவினையை நினைவூட்டி, எல்லை, உரிமை, மீளா நிலை ஆகியவற்றைப் பயனருக்கு உணர்த்துகிறது. எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் அச்சொல்லே பொருந்தும்.

புதிய முறையும் எஞ்சும் சிக்கலும்

பழைய அட்டவணை 32 பிட் எண்களைக் கொண்டதால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் சுட்ட இயலாது. அதன் இடத்தைப் பிடித்த ஜி.பி.டி. முறை வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமளிக்கிறது. யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் ஒவ்வோர் இயங்குதளமும் பொதுவானதொரு தொடக்கப் பிரிவில் தனக்குரிய கோப்புறையை வைத்துக்கொள்வதால், 446 பைட்டுகளுக்கான போட்டி நீங்கியது. ஆயினும் 2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்க முறை, கையொப்பமிடப்பட்ட ஏற்றிகளை மட்டுமே ஏற்றது. டெபியன் இம்முறையை 2019 இல் வெளியான 10 ஆம் பதிப்பில்தான் ஆதரித்தது. இடப் பற்றாக்குறை தீர்ந்தபோது அனுமதி என்னும் சிக்கல் அதன் இடத்திற்கு வந்தது.

முடிவுரை

தட்டில் இடம் ஒதுக்குவதால் மட்டும் ஓர் இயங்குதளம் பயனரைச் சென்றடைவதில்லை என்பதை மடிக்கணினித் திட்டத்தின் தொழில்நுட்ப அமைப்பு காட்டுகிறது. தொடக்கப் பட்டியலில் அதன் பெயர் நிலைத்திருத்தல் வேண்டும். அழிப்பதற்கும் வகுப்பதற்கும் முன் கேட்கப்படும் கேள்வி பயனரின் மொழியில் அமைதல் வேண்டும். பிழை நேர்ந்தால் மீட்கும் வழியை அம்மொழியிலேயே சொல்வாரும் வேண்டும். தென்புறநகரின் ஆய்வு மையங்கள் இயங்குதளத்தை அளித்தன. உலகளாவிய தன்னார்வலர் உழைப்பு தமிழ் நிறுவல் திரையை அளித்தது. பயனர் குழுக்களும் இதழும் விளக்கத்தை அளித்தன. தமிழ்க் கணிமை வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவோடு நில்லாமல், எழுத்து தோன்றுவதற்கு முந்தைய இந்நிலையையும் ஆவணப்படுத்துதல் இன்றியமையாதது.