வண்டலூரில் வாழ்ந்த பெயர்

1959 ஏப்ரல் மாதம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், வழக்கமாகக் கச்சேரி நடக்கிற மேடையில், ஒரு காரைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அடிச்சட்டம் தனி, மூக்குப் பக்கம் தனி, கூரை தனி, வால் பக்கம் தனி. கூடியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, வண்டியை ஓட்டியும் காட்டினார்கள். ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற கார் உலகத்துக்கு முகம் காட்டியது இப்படித்தான்.

சென்ற வாரம் உத்தரபாராவில் அம்பாசடரோடு நின்ற நம் தொடர், இந்த வாரம் ஜி.எஸ்.டி. சாலைக்கு வருகிறது. அதற்கு லண்டன் மேடையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அந்த மேடை வித்தைக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பலவும் தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டு, உடலும் சட்டமும் ஒன்றேயான முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. பெரிய உடலை ஒரே துண்டாக அடித்துத் தர ஆள் இல்லை. பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார்: கீழே ஒரு சட்டம், மேலே வெவ்வேறு பட்டறைகளில் அடித்த சிறு சிறு துண்டுகள், எல்லாவற்றையும் இணைக்க போல்ட். அதற்கு அழகு சேர்த்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. பெரிய அச்சு இயந்திரம் இல்லாத ஊரிலும் இந்த வண்டியைச் செய்யலாம். அப்படி ஒரு ஊர் சென்னைக்குத் தெற்கே இருந்தது.

சுதந்திரம் கிடைத்த கையோடு, 1948-ல், மெட்ராஸின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) கோவென்ட்ரிக்காரர்களோடு கைகோத்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பிறந்தது. வண்டலூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கே பூட்டப்பட்ட கார் வேன்கார்டு. முதுகு வளைந்து, கொழுகொழுவென்று அமெரிக்கச் சாயலில் இருக்கும். சாயலுக்கு ஒரு கதை சொல்வார்கள். கம்பெனித் தலைவர் சர் ஜான் பிளாக், தன் வடிவமைப்பாளரை லண்டன் அமெரிக்கத் தூதரகத்து வாசலுக்கு அனுப்பி, அங்கே வந்து நிற்கும் கார்களைப் பார்த்து வரைந்துவரச் சொன்னாராம். வேன்கார்டின் என்ஜின் மட்டும் சுத்தமான கோவென்ட்ரிச் சரக்கு. அதே குடும்பத்து என்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. கொஞ்சம் குறுக்கி 1,991 சி.சி. ஆக்கியபோது டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பறந்தது. இந்த 1,991 என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். முப்பது வருடம் கழித்து மறுபடி வரும்.

பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென், பெனன்ட் என்று சின்ன வண்டிகள் வந்தன. எய்ட்டை முதலில் 1953-ல் இங்கிலாந்தில் விட்டபோது அதன் டிக்கிக்கு வெளியிலிருந்து திறக்கிற கதவே கிடையாது. பின் சீட்டை மடக்கி, உள்ளே குனிந்துதான் பெட்டியை இழுக்க வேண்டும். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம்.

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு சரி என்று இருப்பவர்கள் நடையைக் கட்டலாம். இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார் சந்தையில் தங்கிய பெரிய பெயர்கள் மூன்று: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. அடுத்த கால் நூற்றாண்டுக்கு இந்தியக் குடும்பம் ஒன்று புதுக் கார் வாங்குவதென்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. அதுவும் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்து.

1961-ல் ஹெரால்டு வண்டலூருக்கு வந்தது. வந்த இடத்தில் 'ட்ரையம்ஃப்' உதிர்ந்து 'ஸ்டாண்டர்டு' ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயர் மாற்றத்தில்தான் சுவாரசியம். 1903-ல் ரெஜினால்டு மாட்ஸ்லே கம்பெனியைத் தொடங்கியபோது, புதிதாக எதையும் பரீட்சித்துப் பார்க்காமல், ஏற்கெனவே தேறிய உறுப்புகளை மட்டும் வைத்துக் கார் செய்வது என்ற எண்ணத்தில் வைத்த பெயர் 'ஸ்டாண்டர்டு'. ஆனால் ஐம்பது வருடத்தில் இங்கிலாந்தில் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கிவிட்டது. எல்லாக் கம்பெனியும் 'டீலக்ஸ்' என்று ஒரு மாடல் விட ஆரம்பித்ததும், ஸ்டாண்டர்டு என்றால் எந்த வசதியும் இல்லாத மொட்டை மாடல் என்று ஆனது. 1945 வாக்கில் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்த ட்ரையம்ஃப் என்ற பெயருக்குத்தான் கவர்ச்சி. 1961-ல் லேலண்ட் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது; 1963-ல் பிரிட்டிஷ் கார்களிலிருந்து ஸ்டாண்டர்டு என்ற பெயர் மறைந்தது.

தமிழ்நாட்டில் கதை நேர்மாறு. இங்கே 'ஸ்டாண்டர்டு' என்பது பாராட்டு. ஆள் ஸ்டாண்டர்டான ஆள். ஹோட்டல் ஸ்டாண்டர்டான ஹோட்டல். கோவென்ட்ரியில் கூச்சப்பட்டுக் கழற்றிய பெயரை வண்டலூரில் பெருமையாகப் பூட்டினார்கள். பிறந்த ஊரில் செத்த பிறகும் அது இங்கே இன்னொரு கால் நூற்றாண்டு ஓடியது.

ஹெரால்டு வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது பானெட். மற்ற வண்டிகளில் பானெட் என்பது ஒரு மூடி. ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்து முன்புறமாகச் சாய்த்தால் முதலை வாயைப் பிளப்பதுபோல மொத்தமும் திறந்துகொள்ளும். உள்ளே என்ஜினும் முன் சஸ்பென்ஷனும் கடைவிரித்ததுபோலத் தெரியும். மெக்கானிக் முன் டயர் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றுவார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்வார், பாயின்ட்டைத் தேய்த்து வைப்பார். மற்ற கார்களுக்குள் இடுப்பு ஒடியக் குனிந்து பழகியவர்களுக்கு இது சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு வாசலில் நின்று சொந்தமாக ட்யூனிங் செய்துகொள்கிற ஓனர்களுக்கும் அப்படியே.

அடுத்தது திருப்பம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளில் அம்பாசடர் மூன்று முறை முன்னும் பின்னும் ஆடுகிற இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிப் போய்விடும். மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள். ஓட்டுபவருக்கு நாலா பக்கமும் தெரியும். தானே ஓட்டுகிற டாக்டருக்கும் வக்கீலுக்கும் பொருத்தமான வண்டி. டிரைவர் வைத்து, பின்னால் சாய்ந்து போகிறவருடைய வண்டி இல்லை. ஹெரால்டைப் பற்றிய நல்ல பேச்சு, கெட்ட பேச்சு இரண்டும் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன.

ஏனென்றால் பின்னால் உட்கார்ந்தவர்களின் புகார்ப் பட்டியல் நீளம். முதலில், கதவு இரண்டுதான். முன் சீட்டை மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பைத் திருப்பி நுழைய வேண்டும். மடிசார் கட்டிய பாட்டியை இப்படிப் பின் சீட்டுக்கு ஏற்றுவது ஒரு சடங்கு. இறக்குவது இன்னொரு சடங்கு. அதன் பிறகு பாரம். நம் ஊர்க் கணக்கில் காரில் நான்கு பேர் என்பது காலி வண்டி. பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் கல்யாணப் பாத்திரம் என்று ஏற்றியதும் ஹெரால்டு பின்பக்கம் அமுங்கி, இரண்டு சக்கரமும் காலை அகட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்குக் காரணம் பின் அச்சின் அமைப்பு. அம்பாசடரில் இரண்டு பின் சக்கரத்தையும் இணைப்பது ஒரே நேரான, கெட்டியான குழல். ஹெரால்டில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அரை ஆக்ஸில்கள் பறவையின் சிறகுபோல மேலும் கீழும் அசையும். குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். தார் ரோட்டில் இது சுகம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதுக்குத் தெரியாது. வேகமாக வளைவில் போய் பிரேக்கை அழுத்தினால் மட்டும் பின் சக்கரம் உள்வாங்கி வண்டி திமிறும். இங்கிலாந்திலும் இந்தக் குறை சொல்லப்பட்டதுதான். ஆனால் அங்கே பாரமும் பள்ளமும் இந்த அளவு இல்லை. இங்கே ஒர்க்‌ஷாப்களில் ஹெரால்டு என்றாலே 'ஆக்ஸில் கட்டா?' என்று கேட்கிற நிலை வந்தது. அது போக, போல்ட் போட்டு இணைத்த உடல் என்பதால் வயசாக ஆக மூட்டுக்கு மூட்டு சத்தம். மழைக்காலத்தில் எங்கிருந்தோ தண்ணீர்.

வண்டலூர்க்காரர்கள் இந்தப் புகார்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. 1960-களின் பிற்பாதியில் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செய்தார்கள். மார்க் 3 என்று பெயர். தாய் வீடான கோவென்ட்ரி கடைசிவரை நான்கு கதவு ஹெரால்டைச் செய்யவே இல்லை என்பதை நினைத்தால், இதைச் சின்ன வேலை என்று சொல்லிவிட முடியாது. 1972-ல் அதே அடித்தளத்தில் முகமும் முதுகும் மாற்றி 'கசெல்' வந்தபோது, சிறகு அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர் அச்சையே வைத்தார்கள். ஓனர்களும் மெக்கானிக்குகளும் பத்து வருடமாகச் சொன்னது கடைசியில் வண்டியில் ஏறியது.

ஏறாதது என்ஜின். இங்கிலாந்தில் ஹெரால்டு 1961-லேயே 1,147 சி.சி. ஆனது; 1967-ல் 1,296 ஆனது; 1971-ல் விடைபெற்றது. வண்டலூரில் 1961-ல் வந்த 948 சி.சி. என்ஜின்தான் கசெல் வரைக்கும். கதவு கூடியது, எடை கூடியது, இழுக்கிற குதிரை மட்டும் அதே குதிரை. கம்பெனியின் சோம்பல் என்று மட்டும் சொன்னால் அநியாயம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கு அரசுக் கட்டுப்பாடு. கார் கம்பெனிகளின் விலை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன காலம் அது. புது என்ஜினுக்கு முதலீடு எங்கிருந்து வரும்? 1973-ல் பெட்ரோல் விலை எகிறியது மிச்சக் கதையை முடித்தது. 1977-ல் கசெல் நின்றது. காரோடு கூடவே செய்துவந்த வேன்தான் கம்பெனியைக் கொஞ்ச காலம் ஓட்டியது.

நடுவில் ஒரு தகவல். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் நிர்வாகத்தில் இருந்த சி.வி. கார்த்திக் நாராயணன்தான் பிற்காலத்தில் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை முழுசாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். கார்த் தொழிலில் இருந்து வந்தியத்தேவனின் குதிரைக்கு மாறியவர் என்ற அளவில் அவர் தனி ரகம்.

1985-ல் வண்டலூர் இரண்டு விதத்தில் செய்தியில் அடிபட்டது. ஒன்று, புது உயிரியல் பூங்கா. இன்னொன்று, ஸ்டாண்டர்டு 2000. எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு கம்பெனி கார் செய்தது. அதுவும் சாதாரணக் கார் இல்லை. 1977-ன் ஐரோப்பியச் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்.டி.1-ன் உடலை அப்படியே கொண்டுவந்து, நம் சாலைக்காக உயரத்தை ஏற்றியிருந்தார்கள். கூர் மூக்கு, சாய்ந்த கண்ணாடி, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு. அம்பாசடரும் பத்மினியும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேற்றுக் கிரகத்து வண்டி.

பானெட்டைத் திறந்தால்தான் விஷயம். இங்கிலாந்தில் அதே உடலுக்குள் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் இருந்தது. இங்கே இருந்தது 1,991 சி.சி. ஆமாம், அந்த எண்தான். 1947-ன் வேன்கார்டு வம்சத்து, டிராக்டருக்குப் பங்காளியான அதே நான்கு சிலிண்டர் என்ஜின். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைக்குத் தாத்தாவின் முழங்கால்.

வாங்கியவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. உட்கார்ந்தால் ராஜ கம்பீரம், மிதித்தால் மூச்சு வாங்குகிறது, பெட்ரோல் குடிக்கிறது. அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, கார் என்றால் காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்ற புது வழக்கத்தைப் பழக்கியிருந்தது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கியவர் பக்கத்து வீட்டு மாருதியைப் பொறாமையோடு பார்ப்பதென்றால் அந்த வண்டி எத்தனை நாள் விற்கும்? 1988-ல் வண்டலூரில் உற்பத்தி நின்றது. கோவென்ட்ரி கழற்றிப் போட்டு 25 வருடம் ஆன பெயரை இங்கேயும் கழற்ற வேண்டியதாயிற்று.

ஹெரால்டுகள் இன்னும் சில இருக்கின்றன. சென்னையில் பழைய கார் அணிவகுப்பு நடந்தால் இரண்டு நிறம் பூசிய ஹெரால்டு ஒன்றாவது வந்து நிற்கும். ஓனர், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பானெட்டை முன்னால் சாய்த்துக் காட்டுவார். ஸ்டாண்டர்டு 2000-ஐப் பார்ப்பது அதைவிட அபூர்வம்.

தொழிற்சாலைக்குள் பயன்படாமல் கிடந்த ரோவர் உதிரிபாகங்களுக்கு மட்டும் கடைசியில் நல்ல காலம் பிறந்தது. 2006 வாக்கில் சொத்துகள் கைமாறியபோது, லிங்கன் நகரத்தில் பழைய பிரிட்டிஷ் கார்களுக்குப் பாகங்கள் விற்கிற ரிம்மர் பிரதர்ஸ் அந்தச் சரக்கை வாங்கிக் கப்பலில் ஏற்றியது. உற்பத்தி நின்று இருபது வருடம் ஆன ரோவரை வைத்துக்கொண்டு பாகம் கிடைக்காமல் தவித்த ஆங்கிலேயர்கள், வண்டலூரிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்துத் தங்கள் வண்டிகளில் மாட்டிக்கொண்டார்கள்.

(தொடரும்)