ஒரே ராத்திரியில் 1,200 சுருட்டு!

1962, பிப்ரவரி முதல் வாரம். வெள்ளை மாளிகை. அதிபர் கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டனுப்பினார். அவசர வேலையாம். என்னவாக இருக்கும்? ரஷ்யா ஏதாவது வம்பு செய்கிறதா? கியூபாவில் காஸ்ட்ரோ ஏதாவது பேசிவிட்டாரா?

அதெல்லாம் இல்லை. அதிபருக்குச் சுருட்டு வேண்டும். ஒன்றிரண்டல்ல, ஆயிரம்! அதுவும் கியூபாவின் ‘பெட்டிட் உப்மன்’ ரகம்தான் வேண்டும். எப்போது? நாளைக் காலைக்குள்!

சாலிஞ்சரும் சுருட்டுப் பிரியர்தான். வாஷிங்டனில் எந்தக் கடையில் என்ன சரக்கு இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அன்று மாலையே கடை கடையாக ஏறி இறங்கினார். மறுநாள் காலை அதிபர் முன்னால் போய் நின்று அவர் சொன்ன கணக்கு... 1,200. கென்னடிக்குப் பரம திருப்தி. மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். கியூபாப் பொருள் எதுவும் இனி அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்கிற உத்தரவு அது! பிப்ரவரி 7 முதல் அமல்.

யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். சாலிஞ்சரே 1992-ல் ‘சிகார் அஃபிசியனாடோ’ பத்திரிகையில் எழுதியது இது.

இந்தத் தடைக்குக் காரணம் சுருட்டு அல்ல. 1959-ல் கியூபாவில் ஆட்சியைப் பிடித்த காஸ்ட்ரோ, மறு வருடமே அமெரிக்கக் கம்பெனிகளை அரசுடைமை ஆக்கினார். சுருட்டுத் தொழிற்சாலைகளும் தப்பவில்லை. வாஷிங்டன் கொதித்தது. ஆனாலும் சுருட்டுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தார்களாம். ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரின் சுருட்டு முதலாளிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கியூபாவிலிருந்து புகையிலையை வரவழைத்து, அமெரிக்காவில் சுருட்டு உருட்டியவர்கள். எங்களுக்கு இலை வராது, ஆனால் ரெடிமேட் சுருட்டு மட்டும் வந்து இறங்குமா என்பது அவர்கள் கேள்வி. காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், நியாயமான கேள்விதான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். சாலிஞ்சருக்கு விதி வேறு ரூபத்தில் வந்தது. அதே 1962, மே மாதம். மாஸ்கோ போன அவருக்குக் குருஷேவ் ஒரு பரிசு கொடுத்தார். 250 கியூபாச் சுருட்டுகள்! சாலிஞ்சரிடம் இருந்ததோ ராஜதந்திர பாஸ்போர்ட். பெட்டியை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? ஜம்மென்று ஊர் வந்து சேர்ந்தார். சந்தோஷமாக அதிபரிடம் சொன்னார். கென்னடி பதறிவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே! உடனே சுங்க இலாகாவிடம் ஒப்படைத்து, அழிக்கச் சொல்லும்படி உத்தரவு. மனசே இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தார் சாலிஞ்சர். சுங்கத் தலைவரிடம் இவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அழித்துவிடுவேன் என்றார் அவர். சாலிஞ்சருக்குப் புரிந்துவிட்டது. ஆமாம், ஒவ்வொன்றாக ‘அழிப்பார்’!

சரி, பெரிய மனிதர்கள் கதை போதும். உங்கள் கதைக்கு வருவோம். நியூஜெர்சியில் இருக்கும் மருமகனைப் பார்க்கப் போகிறீர்கள். வழியில் துபாய் ட்யூட்டி ஃப்ரீ கடையில் ஒரு பெட்டி கியூபாச் சுருட்டு வாங்குகிறீர்கள். முறையாகக் காசு கொடுத்து வாங்கியது. பில் இருக்கிறது. கொண்டுபோகலாமா?

பதில், நீங்கள் எந்த வருடம் விமானம் ஏறினீர்கள் என்பதைப் பொறுத்தது! 2015 ஜனவரியில் ஒபாமா அரசு கதவை லேசாகத் திறந்தது. அனுமதியோடு கியூபா போய் வருகிறவர்கள் மது, புகையிலை இரண்டும் சேர்த்து 100 டாலர் மதிப்புக்குக் கொண்டுவரலாம் என்றது. 2016 அக்டோபரில் அந்த வரம்பும் போனது. மற்ற நாடுகளில் வாங்கிய கியூபாச் சுருட்டையும் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். 2020 செப்டம்பரில் டிரம்ப் அரசு கதவைச் சாத்திவிட்டது. இப்போது துபாய்ப் பெட்டி போய்ச் சேரும் இடம் மருமகன் வீடல்ல, சுங்க இலாகா.

இன்னொரு சிக்கலும் உண்டு. கியூபாவை விட்டு வெளியேறிய முதலாளிகள் பலர் வேறு நாடுகளில் பழைய பெயரிலேயே தொழிலைத் தொடங்கினார்கள். அதனால் எச். உப்மன் என்ற பெயரில் கியூபாச் சுருட்டும் இருக்கிறது, டொமினிகன் குடியரசுச் சுருட்டும் இருக்கிறது. ஒன்றைத் தடுப்பார்கள், மற்றதை விடுவார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எந்த நாட்டுச் சரக்கு என்று பாருங்கள்.

சுருட்டு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பற்ற வைக்க வேண்டாமா? லைட்டரின் கதை இன்னும் விசித்திரம்.

2001 டிசம்பர் 22. பாரிஸிலிருந்து மியாமி போகும் விமானம். ரிச்சர்ட் ரீட் என்கிற ஆசாமி, தன் ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்த வெடிமருந்துக்குத் தீ வைக்கப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். அவன் கையில் இருந்தது தீக்குச்சி. ஆனால் 2005 ஏப்ரல் 14 முதல் அமெரிக்க விமானங்களில் தடை செய்யப்பட்டது எது தெரியுமா? லைட்டர்! தீக்குச்சிக்குத் தடை இல்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்கா போயிருந்தார் என் நண்பர் ஒருவர். காலமாகிவிட்ட அப்பாவின் லைட்டர் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். திரும்பும்போது பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். பெரிய பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. வழியனுப்ப வந்தவரும் கிளம்பிவிட்டார். பின்னால் நீளமான வரிசை. தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஓட்டலில் கொடுத்த அட்டைத் தீக்குச்சியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்களாம்! இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

இப்படி ஒரு நாளைக்கு 22,000 லைட்டர்களுக்கு மேல் சேர்ந்தன. அவற்றை அப்புறப்படுத்தவே தனிச் செலவு. 2007 ஆகஸ்ட் 4-ம் தேதி, சாதாரண லைட்டர் கையில் இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். சுருட்டுக்காரர்கள் விரும்பும் டார்ச் லைட்டருக்கு மட்டும் அப்போதும் அனுமதி கிடைக்கவில்லை. நம் ஊர் விமான நிலையங்களிலோ லைட்டர், தீப்பெட்டி இரண்டுமே ஆகாது.

புகைப்பது உடம்புக்குக் கேடு என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிடிக்கிறவரோ, பிறருக்கு வாங்கிப் போகிறவரோ, டிக்கெட்டைப் பார்க்கும்போதே விதியையும் பார்த்துவிடுங்கள். புறப்படும் நாடு, மாறி ஏறும் நாடு, இறங்கும் நாடு மூன்றையும் பாருங்கள். போன தடவை விட்டார்களே என்பது வாதமே அல்ல. மனசுக்கு நெருக்கமான லைட்டர் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

தடை வரப்போகிறது என்று கென்னடிக்கு ஒரு ராத்திரி முன்பே தெரியும். நமக்கு அது தெரியவரும் இடம், சோதனை வரிசை!