பலி: வில்லியனூர், பாகூர் வட்டார வழிபாட்டில்

பலி என்பது தெய்வத்துக்கென்று ஒதுக்கிக் கொடுக்கப்படும் பொருள். அதைக் கொடுக்கும் சடங்குக்கும் அதுவே பெயர். புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே உள்ள வில்லியனூர் கொம்யூனிலும் தெற்கே உள்ள பாகூர் கொம்யூனிலும் இச்சொல் இன்றும் பல பொருளில் வழங்குகிறது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் கொடிமரத்தை ஒட்டிப் பலிபீடம் இருக்கிறது. அதே ஊரின் லூர்து மாதா திருத்தலத்தில் திருப்பலி நடக்கிறது. பக்கத்துப் பிள்ளையார்குப்பம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் களப்பலி. ஊர்தோறும் அம்மனுக்கும் வீரனுக்கும் நேர்ந்துவிட்ட கிடாவும் பலிதான். பழைய இஸ்ரயேலரின் வழிபாட்டைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்தச் சொல்லையே.

இன்று பலி என்றதும் கத்தியும் இரத்தமும் நினைவுக்கு வருகின்றன. செய்தித்தாள்கள் சாலை விபத்தில் இறந்தவரையும் பலி என்றே எழுதுகின்றன. சொல்லின் பழைய பொருள் அதுவல்ல. பலி என்றால் இடப்படும் உணவு. தேவாரத்தில் சிவபெருமான் ஓடேந்திப் பலிக்குத் திரிவது பிச்சைச் சோற்றுக்காக. காக்கைக்கு வைக்கும் பிடி சோறும் பலியே. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் சீபலி, மேளதாளத்தோடு கோயிலைச் சுற்றிவந்து சோறு இடும் அன்றாடச் சடங்கு. கொன்று கொடுப்பதும் பழமையானதுதான். சங்கப் பாடல்களில் வேலன் வெறியாடும் களத்தில் ஆட்டுமறி அறுபடுகிறது. அதன் குருதியில் கலந்த அரிசி முருகனுக்குத் தூவப்படுகிறது. இரண்டு வழக்கங்களும் அருகருகே இருந்தன. எது எந்த இடத்தில் நடக்கலாம் என்ற கேள்விதான் பின்னால் பெரிதாயிற்று.

செப்பேடும் கல்வெட்டும்

பாகூரின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது ஒரு செப்பேடு. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் கொடையாக எழுதிவைக்கப்பட்டன. வேதமும் அதன் அங்கங்களும் கற்பிக்கப்பட்ட கல்லூரி அது. வேள்வி என்னும் பெரும் பலியின் மந்திரங்களும் முறைகளும் பாகூர் ஏரிக்கரையில் நெல் வருவாயைக் கொண்டு பேணப்பட்டன. பாகூர் ஏரி நிறைந்த ஆண்டில் நெல்லுக்குக் குறைவில்லாத நிலம் இது.

நிருபதுங்கனின் தந்தை, தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மன். அவன் காலத்தில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில்தான் அருச்சுனன் மகன் அரவான் தன்னைப் போர்க்களத்தில் பலியாகக் கொடுக்கும் கதை முதன்முதலாகக் காணப்படுகிறது. வடமொழிப் பாரதத்தில் அரவான் உண்டு; அவனது களப்பலி இல்லை. அது தமிழ்நிலம் சேர்த்தது. தந்தை காலத்துக் காவியத்தில் தன்னையே கொடுக்கும் வீரன், மகன் காலத்துச் செப்பேட்டில் வேதக் கல்லூரிக்குக் கொடை. ஒரு தலைமுறை இடைவெளியில் நிற்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இவ்வட்டாரத்தின் பலி வரலாற்றைச் சொல்ல முடியாது.

பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் கல்வெட்டுகளும், இந்நிலத்தைச் சில காலம் ஆண்ட இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் உள்ளன. பாகூர் சு. குப்புசாமி தொகுத்து கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதியில் இவற்றைப் படிக்கலாம். ஆகமக் கோயில் எழுந்தபின் இரத்தம் மதிலுக்கு வெளியே போயிற்று. உள்ளே சோறும் பூவும் விளக்கும். நந்தாவிளக்கு எரிக்க ஆடு கொடுக்கும் வழக்கத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் சொல்கின்றன. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். இடையர் அவற்றை மேய்த்து நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு கழிந்தாலும் குட்டிகள் வந்து எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். தெய்வத்துக்குக் கொடுத்த ஆடு சாகவே கூடாது என்று ஒரு கணக்கை வகுத்த மனத்தை இக்கட்டுரையாளர் வியந்தே பார்க்கிறார். விலங்கை முழுதும் நெருப்பில் எரித்துவிடும் எருசலேமின் எரிபலிக்கு இதைவிட நேர் எதிரான ஒன்றைக் காண்பது அரிது.

காப்பு முதல் கிடா வரை

மதிலுக்கு வெளியே போன பலி ஊர் எல்லையில் நிலைத்தது. பிடாரி, மாரியம்மன், திரௌபதியம்மன், அங்காளம்மன், ஐயனார் கோயில்களின் ஆண்டுத் திருவிழா காப்புக் கட்டுதலில் தொடங்கும். மஞ்சள் தோய்த்த நூல் பூசாரியின் கையில் ஏறிய பிறகு ஊரே ஒரு கட்டுக்குள் வரும். ஊர்க்காரர் வெளியூரில் இராத் தங்கக்கூடாது, கல்யாணம் வைக்கக்கூடாது, கோயில் காரியத்தில் இருப்பவர் கவிச்சி தொடக்கூடாது. வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு வேப்பிலை செருகுவார்கள். ஆடி மாதம் பெரிய கொப்பரையில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவதைச் சாகை வார்த்தல் என்பார்கள். செடல் உற்சவத்தில் நேர்த்திக்கடன் உள்ளவர் முதுகில் கொக்கி குத்திக்கொண்டு தேர் இழுப்பார். திரௌபதியம்மன் கோயிலில் தீமிதி. செடலிலும் தீமிதியிலும் கொடுக்கப்படும் பொருள் பக்தரின் சொந்த உடம்பு.

கிடாவுக்கு வருவோம். வீட்டில் நோயோ, கோர்ட்டு வழக்கோ, பிள்ளையில்லாக் குறையோ வந்தபோது ஒரு குட்டியை நேர்ந்துவிடுகிறார்கள். அந்த நாள் முதல் அது விற்பனைக்கு இல்லை. ஊனமில்லாத கிடாவாக இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றக்கூடாது. இஸ்ரயேலரின் சட்ட நூலான லேவியராகமத்தின் 27ஆம் அதிகாரம் நேர்ந்த விலங்கைப் பற்றி இதையேதான் சொல்கிறது: மாற்ற முயன்றால் இரண்டுமே ஆண்டவருக்கு உரியவை ஆகிவிடும். எபிரேயத்தில் தூய்மைக்குரிய சொல்லின் அடிப்பொருளைப் பிரித்து வைத்தது என்று விளக்குவார்கள். தமிழில் அதற்கு மிக அருகில் நிற்பது பரிசுத்தம் என்ற வடசொல்லைவிட நேர்ந்துவிட்டது என்ற ஊர்ப்பேச்சுதான்.

திருவிழா அன்று கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். அது உடம்பை உதறித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. துலுக்காவிட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி வேண்டுதல். வீட்டுப் பெரியவர்கள் தங்கள் குற்றம் குறைகளை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்பதும் உண்டு. இஸ்ரயேலர் முறையில் பலி கொடுப்பவர் விலங்கின் தலைமேல் கை வைப்பார். அங்கே மனிதன் தொட்டுத் தன்னுடையதென்று ஒப்படைக்கிறான். இங்கே விலங்கு சம்மதிக்கும் வரை மனிதன் காத்திருக்கிறான். வெட்டு ஒரே வீச்சில் விழ வேண்டும்.

ஐயனார் கோயிலில் இன்னொரு நுட்பம். ஐயனார் சைவச் சாமி. கிடா அவருடைய பரிவாரமான வீரனுக்கோ முனீசுவரனுக்கோ உரியது. வெட்டும் நேரத்தில் ஐயனார் சந்நிதிக்குத் திரை போடுவார்கள். எருசலேம் ஆலயத்திலும் உள்ளே திரை இருந்தது. வெளிமுற்றத்தில் பலிபீடம் இருந்தது. எது எதைப் பார்க்கலாம் என்று ஒரு துணி முடிவு செய்தது இரண்டு இடத்திலும்.

இரத்தத்தில்தான் பெரிய வேறுபாடு. உயிர் இரத்தத்தில் இருக்கிறது, ஆகவே அதை உண்ணலாகாது, பீடத்தடியில் ஊற்றிவிட வேண்டும் என்பது இஸ்ரயேலர் சட்டம். நம் ஊரில் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து எல்லையில் எறியப்படுகிறது, மிச்சம் பொரியலாகிறது. ஆனால் இறைச்சியைப் பங்கிடுவதில் ஒற்றுமை உண்டு. லேவியர் சட்டத்தில் சமாதானப் பலியின் மார்புக்கண்டமும் வலது முன்தொடையும் குருக்களுக்கு. இங்கே பூசாரிக்கும் ஊர்த்தொழிலாளிகளுக்கும் தலை, கால் என்று பங்கு உண்டு. களத்து நெல்லில் அவர்களுக்குள்ள உரிமையைப் போலவே இதையும் சுதந்திரம் என்றே சொன்னார்கள். மீதி, உறவுமுறையைக் கூப்பிட்டுப் போடும் விருந்து. கொன்ற இடத்திலேயே பலி முடிவதில்லை, பந்தியில்தான் முடிகிறது.

அந்தப் பந்தியில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்று கேட்டால், தீட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. பிள்ளைப்பேறு, மாதவிலக்கு, சாவு ஆகிய மூன்றும் லேவியராகமத்திலும் தீட்டு, நம் வீடுகளிலும் தீட்டு. அங்கே நாள் கணக்கு உண்டு. நாள் கழிந்து நீராடினால் யாரும் மறுபடி உள்ளே வரலாம். குருக்களுக்கும் தீட்டு உண்டு. நம் ஊர்களில் தீட்டு ஒரு பிறவியின் மேல் சுமத்தப்பட்டு, எத்தனை குளித்தாலும் போகாததாக ஆக்கப்பட்டது. திருவிழாவுக்குப் பறை அடித்தவர் அதே திருவிழாவில் கோயிலுக்கு வெளியே நின்றார். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் தேர் எந்தத் தெருவரை வரும் என்ற சண்டை தமிழ்க் கிராமங்களில் ஓயவில்லை. தூய்மையின் வரலாற்றில் இது அழுக்கான பக்கம்; மன்னிக்கக் கூடியதாக இக்கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

ஆகமம் என்ற பெயர்

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மறைபரப்பாளர் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கி 1719இல் இறந்தார். எஞ்சியதை பெஞ்சமின் சுல்ட்சே முடித்தார். பின்வந்த மொழிபெயர்ப்புகளில் முதல் ஐந்து நூல்களுக்கு ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்ற பெயர்கள் நிலைபெற்றன. கோயிலில் எதை எங்கே வைப்பது, யார் தொடுவது, எப்போது பலியிடுவது என்று சொல்லும் சைவ நூல்களின் பெயரும் ஆகமமே. வேறு எந்தச் சொல்லும் லேவியர் நூலுக்கு இவ்வளவு பொருந்தியிருக்காது.

வில்லியனூரில் லூர்து மாதாவின் திருத்தலம் 1877இல் அமைந்தது. பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்ட 1858ஆம் ஆண்டுக்குப் பின் 19 ஆண்டுகளில். எதிரே கோயில் தெப்பக்குளம் போலப் படியோடு ஒரு குளம். கத்தோலிக்கர் தங்கள் வழிபாட்டை முன்பு பூசை என்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய காலத்தில் திருப்பலி என்ற சொல் பரவியது. இரத்தம் இல்லாமல் அப்பமும் இரசமும் கொண்டு நடப்பதற்குப் பலி என்ற பெயர் தற்செயலாகவாவது சொல்லின் பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறது.

ஊரின் இசுலாமியர் பக்ரீத்தில் குர்பானி கொடுக்கிறார்கள். குடும்பத்துக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று மூன்று பங்கு வைப்பது மரபு. அரபுச் சொல்லும் இஸ்ரயேலர் காணிக்கையைக் குறித்த எபிரேயச் சொல்லான கொர்பானும் ஒரே வேரின. அருகே வருதல் என்பது அந்த வேரின் பொருள்.

தடையும் மாற்றும்

இஸ்ரயேலரின் பலி ஒரே இடத்தில் குவிக்கப்பட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா மன்னன் ஊர்ப்புற மேடைகளை இடித்து எருசலேம் ஒன்றே போதும் என்றான். கி.பி. 70இல் ரோமர் அந்த ஆலயத்தை அழித்தபோது யூதரின் பலியும் நின்றது; செபமும் வேதவாசிப்பும் அதன் இடத்துக்கு வந்தன. சமாரியர் மட்டும் கெரிசீம் மலையில் பாஸ்கா ஆட்டை இன்றும் பலியிடுகிறார்கள்.

இங்கே பலி ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்ததால் ஓர் அரசனாலோ ஒரு போராலோ அதை நிறுத்த முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் வில்லியனூரையும் பாகூரையும் பெற்று, 1880இல் கொம்யூன்களாக அமைத்தார்கள். வில்லியனூர்த் தேரை ஆளுநரே வடம்பிடிக்கும் வழக்கம் அவர்கள் காலத்திலிருந்து வருகிறது. வைகாசித் தேருக்கு இன்று துணைநிலை ஆளுநர் வருகிறார். பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி நீங்கிய 1962க்குப் பிறகு, 1965இல் புதுச்சேரியில் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் வந்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் உறங்கிக் கிடந்து, 2003இல் திடீரென நடைமுறைக்கு வந்து, கிராமத்துப் பூசாரிகளின் எதிர்ப்புக்குப்பின் 2004இல் நீக்கப்பட்டது.

சட்டத்துக்கு வெகு முன்பே ஊர் தானாக மாற்றுப் பொருள்களைக் கண்டிருந்தது. பூசணிக்காயில் துளையிட்டுக் குங்குமத்தைக் கொட்டி உடைக்கிறார்கள், உள்ளே சிவப்பு. எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி எறிகிறார்கள். புது டிராக்டரின் சக்கரத்தடியில் வைப்பதும் அந்த எலுமிச்சையைத்தான்.

மாற்றுகளில் மிகப் பெரியது, கூத்தாண்டவர் என்று வணங்கப்படும் அரவான். பிள்ளையார்குப்பத்தில் சித்திரைத் திருவிழாவின்போது வெளியூர்களிலிருந்தும் திருநங்கையர் வந்து கூடுகிறார்கள். மறுநாள் சாகப்போகிற அரவானை மணக்கக் கண்ணனே மோகினியானான் என்பது கதை. பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஆடிப் பாடுகிறார்கள். விடிந்ததும் அரவான் தேரில் களத்துக்குப் போகிறார். களப்பலி முடிந்த பிறகு தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, பட்டுச் சேலை போய் வெள்ளைச் சேலை வருகிறது. மார்பில் அடித்துக்கொண்டு அவர்கள் அழும் ஒப்பாரி கோயில் திடலைத் தாண்டி வயல்வெளி வரை கேட்கிறது.