குப்பை ரயிலும் நம்மூரும்

அருவக்காலுத் திட்டத்தை நாம் ஏன் எதிர்த்தோம் என்று வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். கொழும்புக் குப்பையை அழுத்திக் கொள்கலனில் அடைத்து, ரயிலில் கொண்டுவந்து, சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அருவக்காலுவில் புதைப்பதே தீர்வு என்றார்கள். கழிவுநீர் கசியாதிருக்க அடியில் விரிப்பு, பிறகு சுத்திகரிப்பு. திறந்தவெளியில் கொட்டுவதைவிட இது மேல்தான்; அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நவீனமாகத்தான் வந்தது. காற்றுக் காலத்தில் நிலக்கரித் தூசு பறப்பதாக அயல்மக்கள் முறையிட்டார்கள். கருவி நல்லதாயிருக்கலாம், நாளாந்தம் அதைப் பராமரிப்பது யார்?

2018இல் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தபோது நாம் கேட்டதும் இதைத்தான். கூடவே இன்னொன்று: கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அங்கேயே பிரித்துப் பசளையாக்கினால், ரயிலில் ஏற்ற எவ்வளவு மிஞ்சும்?