வெள்ளைச் செம்மறியும் அல்பினோ செம்மறியும்: ஒரு சின்ன வரலாற்று த்ரெட்

1/ வெள்ளையா இருக்கிற செம்மறி எல்லாம் அல்பினோவா? இல்லைங்க. கண்ணைப் பாருங்க. சாதாரண வெள்ளைச் செம்மறிக்குக் கம்பளியில் மட்டும்தான் நிறம் இருக்காது. கண் கருமையாகவே இருக்கும். அல்பினோவுக்குக் கண்ணிலும் மெலனின் நிறமி இல்லை. அதனால் கண் இளஞ்சிவப்பாகத் தெரியும், வெயிலில் கூசும்.

2/ மெலனின் தயாராக டைரோசினேஸ் போன்ற என்சைம்கள் வேண்டும். அதற்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். இரண்டும் பழுதானால்தான் அல்பினிசம்.

3/ இந்தக் கணக்கு எப்படிப் புரிந்தது? 1902, லண்டன். டாக்டர் ஆர்ச்சிபால்ட் கேரட், சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற அரிய நோயை ஆராய்ந்தார். பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலரின் பெற்றோர், ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள்! ஏன்? மெண்டலின் ஒடுங்கு பண்பு விதி இதற்குப் பொருந்தும் என்றார் உயிரியலாளர் வில்லியம் பேட்சன்.

4/ 1908-ல் கேரட் நிகழ்த்திய புகழ்பெற்ற உரைகளில், பிறவியிலேயே வரும் வளர்சிதைமாற்றக் கோளாறுகள் என நான்கைச் சொன்னார். அதில் ஒன்று அல்பினிசம்.

5/ இதே விதி ஆட்டு மந்தையிலும் தெரிந்தது. ஐஸ்லாந்து செம்மறிகள், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு குடியேறியவர்கள் கொண்டுவந்த ஆடுகளின் வம்சம். அவற்றின் நிறங்களை ஆராய்ந்த ஸ்டெஃபான் அதால்ஸ்டெய்ன்சன், அங்கே பிறந்த அல்பினோ ஆடுகளைப் பற்றி 1977-ல் எழுதினார். அதுவும் ஒடுங்கு பண்புதான்.

6/ அதாவது, தாய் ஆடும் கிடாவும் பார்க்க நார்மல். இரண்டுமே பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அல்பினோவாகும் வாய்ப்பு 4-ல் 1. மனுஷனுக்கும் இதே கணக்குதான்.

7/ நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்? மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது, ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் குழந்தை வெள்ளையாகப் பிறந்ததும் பழி யார் மேல? "கிரகணத்துல வெளியே வந்தா", "அவ ராசி" என்று அம்மா மேல. பாதி மரபணு அப்பா கொடுத்ததுங்க!

8/ செய்ய வேண்டியது: சீக்கிரமே கண் டாக்டரிடம் காட்டுங்க. வெயிலில் தொப்பி, முழுக்கை சட்டை, சன்ஸ்கிரீன். பள்ளியில் முதல் பெஞ்ச். அறிவில் எந்தக் குறையும் இல்லை. பார்வைக்குத்தான் உதவி தேவை. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்க.

அந்த அம்மாவைத் திட்டுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்க. 🙏