ரூட்டிங் டேபிளில் 255 வந்த கதை

மதுரையில் சென்னைக்கும் திருச்சிக்கும் போக மாட்டுத்தாவணி, தேனிக்கும் கோவைக்கும் போக ஆரப்பாளையம். எந்த ஊருக்கு எந்த வழி என்ற இதே மாதிரிப் பட்டியல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உண்டு. அதற்குப் பெயர் ரூட்டிங் டேபிள். வின்டோஸில் 'ரூட் பிரிண்ட்' என்று கொடுத்தால் வரும். அதில் 255.255.255.0 என்று ஒரு எண் இருக்கும். அதுதான் சப்நெட் மாஸ்க். முகவரியில் எதுவரை ஊர், எதுவரை வீடு என்று பிரித்துக் காட்டுவது அதன் வேலை.

ஆரம்பத்தில் இந்த எண்ணே பட்டியலில் இல்லை! 1983ல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸின் 'நெட்ஸ்டாட்' அதைக் காட்டவில்லை. காரணம், 1981ம் ஆண்டு விதிப்படி முகவரியின் முதல் எண்ணே வகுப்பைச் சொல்லிவிடும். 128 முதல் 191 வரை 'பி' வகுப்பு, 65,536 முகவரிகள். 192 முதல் 223 வரை 'சி' வகுப்பு, வெறும் 256.

இடையில் எதுவும் இல்லாததுதான் சிக்கல். ஒன்று போதாது, மற்றது வீணாகும். எனவே பெரிய தொகுதியை உள்ளுக்குள் பிரித்துக்கொள்ளும் முறை 1985ல் வந்தது.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1986ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை தொடங்கிய எர்நெட்டில் சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் எல்லாம் இணைந்தன. எர்நெட்டின் முகவரிகள் 144.16 என்று தொடங்கும். அதாவது 'பி' வகுப்பு. வகுப்பை மட்டும் பார்த்தால் சென்னையும் பெங்களூரும் ஒரே ஊர்! மாஸ்க் தவறினால், பெங்களூர் கம்ப்யூட்டரைச் சென்னைக் கட்டடத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். தகவல் வெளியே போகவே போகாது.

1993ல் வகுப்புகளே கைவிடப்பட்டன. அதன்பின் மாஸ்க்கைக் காட்டாமல் முடியவில்லை. ஆனால் ஆளுக்கொரு விதமாகக் காட்டினார்கள். வின்டோஸும் பழைய லினக்ஸ் 'நெட்ஸ்டாட்'டும் 255.255.255.0 என்றன. லினக்ஸின் 'ஐ.பி. ரூட்' சுருக்கமாக /24 என்கிறது. இரண்டும் ஒன்றே. மொத்தம் 32 பிட்டுகள், அதில் முதல் 24 ஊருக்கு.

ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் நீளமான மாஸ்க் உள்ள வரியே வெல்லும். 0.0.0.0 என்ற வரி 'மற்ற எல்லா ஊருக்கும்' என்று பொருள்படும், கடைசி வழி.

முகவரிகள் தாராளமாக இருந்தவரை இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. பற்றாக்குறை வந்ததும் அது பட்டியலில் ஏறியது. 2011 பிப்ரவரி 3ல் உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. புதிய பதிப்பான ஐ.பி.வி.6ல் 255 கிடையாது, /64 போன்ற குறி மட்டும்தான்.